எட்டு ஆழாக்கு ஒரு படி

சேலையூரில் எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் இணைய இணைப்பு வாங்கினார். படம் ஒன்றை இறக்கும்போது கணினித் திரை நொடிக்கு 12 எம்பி என்றே காட்டியது. "நூறுன்னு சொல்லிட்டு பன்னிரண்டு தர்றான் சார், கேஸ் போடலாமா?" என்று ரசீதோடு வந்து நின்றார். வழக்குக்கு வேலையே இல்லை. அவருக்கு முழு வேகமும் வந்துகொண்டிருந்தது.

அவருக்குப் புரிந்தது படிக்கணக்குதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, எட்டு ஆழாக்கு ஒரு படி. கணினியில் பிட் என்பது ஆழாக்கு, பைட் என்பது படி. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். இணைய நிறுவனம் வேகத்தை ஆழாக்கில் சொல்கிறது, நம் கணினி கோப்பைப் படியில் அளக்கிறது. 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. உங்கள் திட்டத்தின் வேகம் எதுவானாலும் எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். வைஃபை இல்லாமல், கம்பியை நேராகச் செருகிப் பார்த்தும் அந்த எண்ணுக்கு வெகுதூரம் கீழேயே நின்றால், அப்போது உங்கள் கோபம் நியாயமானது.

அடுத்த குழப்பம் ஹார்ட் டிஸ்கில். 1 டிபி என்று வாங்கியது விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். 64 ஜிபி பென்டிரைவ் 60ஐத் தொடாது. ஒரு காலத்தில் படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதே, அந்தக் கதைதான் இது. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர். 1998இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப்பெயர்கள் வைத்தது. கடைத்தெரு அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் இதற்காக வாடிக்கையாளர்கள் வழக்கே தொடுத்தார்கள். 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், வாங்கியவர்களுக்கு இலவச மென்பொருள் தந்து சமரசம் செய்துகொண்டது. நம் பக்கம் இதை ஏமாற்று என்று சொல்லிக் கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை. ஜிபியில் ஏழு சதவீதம், டிபியாகவே கணக்கிட்டால் ஒன்பது சதவீதம் வரை குறைவு தெரிந்தால் அது எண்ணும் முறையின் வேறுபாடு.

உண்மையான கொள்ளளவே அதற்கு மேல் குறைந்தால்தான் ஆபத்து. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களிலும், முகம் தெரியாத இணைய விற்பனையாளர்களிடமும் "2 டிபி" பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 32 ஜிபியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். தன்னை 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் உள்நிரலை மாற்றியிருப்பார்கள். நகலெடுக்கும்போது எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். உண்மையான இடம் நிரம்பியதும் புதியது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்குமே பதியாமல் போகும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் படம் இருக்காது. கல்யாணப் படங்களையும், இறந்துபோன அப்பாவின் குரலையும் இப்படித் தொலைத்தவர்களின் வேதனைக்கு எந்த இழப்பீடும் ஈடாகாது. அதனால் வாங்கிய அன்றே சோதியுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கடைசி மூலை வரை எழுதி, திரும்பப் படித்துச் சொல்லிவிடும். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

அலைபேசியில் அலகு நம்மை எவ்வளவு ஏய்க்கும் என்பதற்குப் பழைய கட்டணம் ஒன்று போதும். சில ஆண்டுகளுக்கு முன் டேட்டா பேக் இல்லாதவர்களுக்கு '10 கேபிக்கு 10 பைசா' என்று இருந்தது. கேட்க எவ்வளவு சின்னது! ஒரு எம்பிக்கு ரூ.10.24, ஒரு ஜிபிக்குப் பத்தாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல். வெளிநாடு போகும்போது ரோமிங் கட்டணத்தை இன்றும் இப்படியே பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் டேட்டாவைத் திறக்க வேண்டும்.

'அன்லிமிடெட்' பிராட்பேண்டிலும் ஓர் எல்லை ஒளிந்திருக்கும். எத்தனை ஜிபி வரை என்ன வேகம், அதைத் தாண்டினால் எவ்வளவுக்குக் குறையும் என்பதை நிறுவனம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இலேயே உத்தரவிட்டிருக்கிறது. 2023 ஜனவரி முதல் 2 எம்பிபிஎஸ்ஸாவது இருந்தால்தான் அது பிராட்பேண்ட். இணைப்பு வாங்கும் முன் இவற்றை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

வேகம் உண்மையிலேயே குறைந்தால் முதலில் நிறுவனத்தின் புகார் தொலைபேசி எண்ணில் பதிவுசெய்து, அந்தப் புகாருக்கான பதிவு எண்ணை வாங்குங்கள். தீர்வில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம்; அவர் 39 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். பொருளோ சேவையோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் வாதாடியதுண்டு. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வோடபோன் ஐடியா வழக்கில் அந்த வாதத்தை நிராகரித்துவிட்டது.

2019 நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்க்காரர்களுக்கு அது செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ஆணையம் கேட்கப்போவது ரசீது, பெட்டியில் அச்சிட்ட கொள்ளளவின் படம், தேதி தெரியும்படி எடுத்த சோதனை முடிவு. சந்தையில் ரசீது தர மறுத்தால், அந்த பென்டிரைவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.