நடந்து செல்லும் தொலைவில்

நுழையும்முன்

ஓர் ஊரின் வளர்ச்சியை அதன் சாலைகளின் அகலத்தைக் கொண்டு அளப்பது வழக்கம். ஆயினும், அச்சாலையோரமாக ஒரு சிறுமி தனியே பள்ளிக்கு நடந்து செல்ல இயலுமா, பார்வை மங்கிய முதியவர் ஒருவர் பிறர் துணையின்றி மருந்துக்கடைக்குச் சென்றுவர இயலுமா என்பவையும் வளர்ச்சியின் அளவுகோல்களே. மகிழுந்தையே நம்பி வாழ்ந்த புறநகர் ஒன்று, பிற வழிகளையும் தனக்கென அமைத்துக்கொண்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றின் மறுகரையில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரான வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் அமைந்திருப்பது ஆர்லிங்டன். வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த இவ்வூரின் பரப்பு ஏறத்தாழ 67 சதுர கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார டிராம் வண்டிகள் இதன் குடியிருப்புகளைத் தலைநகருடன் இணைத்தன. டிராம் பாதைகள் கூடிய இடத்தில் கிளாரண்டன் என்னும் கடைவீதி வளர்ந்தது. வீட்டிலிருந்து நடந்து வந்து வண்டியேறிப் பணிக்குச் செல்வதும், திரும்பும்போது அக்கடைவீதியிலேயே வேண்டியவற்றை வாங்கிச் செல்வதும் மக்களின் அன்றாட வழக்கமாக இருந்தன.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1943இல் பாதுகாப்புத் துறையின் பென்டகன் கட்டடம் ஆர்லிங்டனில் எழுந்தது. 1940இல் சுமார் 57,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1950இல் சுமார் 1,35,000 ஆக உயர்ந்தது. அதற்குள் டிராம் வண்டிகள் மறைந்துவிட்டன. புதிதாகக் குடியேறியோர் மகிழுந்தை நம்பியே வீடு வாங்கினர். 1956இல் இயற்றப்பட்ட நெடுஞ்சாலைச் சட்டம், நாடெங்கும் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் நீளத்திற்கு விரைவுச்சாலைகள் அமைக்க வழிவகுத்தது. அச்செலவில் பத்தில் ஒன்பது பங்கை நடுவண் அரசே ஏற்றது. சாலைகள் நீண்டன, அவற்றைத் தொடர்ந்து புறநகர்களும் விரிந்தன.

விருப்பமும் கட்டாயமும்

மகிழுந்து பயனற்றது என்று எவரும் கூறார். விரும்பி அதில் ஏறுவது வேறு. வேறு வழியின்றி ஏறுவது வேறு. வீடுகள் ஓரிடத்திலும் கடைகள் வேறோரிடத்திலும் அலுவலகங்கள் மற்றோரிடத்திலும் தனித்தனியே அமையும்போது, சிறு தேவைக்கும் நெடுந்தொலைவு செல்ல நேர்கிறது. வாகனங்கள் பெருகுவதால் அவற்றை நிறுத்தப் பரந்த இடம் தேவைப்படுகிறது. நிறுத்துமிடங்கள் விரிய விரியக் கட்டடங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. நடக்கும் தொலைவு கூடுகிறது, நடப்போர் குறைகின்றனர். நடப்போர் குறைந்த தெருவில் பேருந்துக்கும் பயணியர் இல்லாமற்போகின்றனர். இச்சுழலில் முதலில் சிக்கித் தவிப்போர் வாகனம் ஓட்ட இயலாத சிறாரும், முதியோரும், மாற்றுத்திறனாளிகளும், வாகனம் வாங்க இயலாத ஏழை மக்களுமே ஆவர்.

தெரிந்து தெளிவோம்

1951இல் ஆர்லிங்டனின் பால்ஸ்டன் பகுதியில் ஒரு பேரங்காடி திறக்கப்பட்டது. அதன் சிறப்பு, பல அடுக்குகள் கொண்ட மாபெரும் வாகன நிறுத்துமிடம். அங்காடிக்கு இடப்பட்ட பெயர் ‘பார்க்கிங்டன்’. வாகனம் நிறுத்துவதைக் குறிக்கும் ‘பார்க்கிங்’ என்னும் சொல்லையும் ஊர்ப்பெயரையும் இணைத்து அப்பெயர் உருவாக்கப்பட்டது.

இருப்புப்பாதை எங்கே?

தொலைவில் புதிய பேரங்காடிகள் எழுந்தபின் கிளாரண்டன் கடைவீதி பொலிவிழந்தது. ஊரின் மக்கள்தொகையும் 1970க்கும் 1980க்கும் இடையில் ஏறத்தாழ 1,74,000இலிருந்து 1,52,000 ஆகச் சரிந்தது. இக்காலக்கட்டத்தில்தான் வாஷிங்டன் வட்டாரத்திற்கான மெட்ரோ தொடர்வண்டித் திட்டம் உருப்பெற்றது. ஆர்லிங்டன் வழியே அமையவிருந்த விரைவுச்சாலையின் நடுவே இருப்புப்பாதையை அமைப்பது எளிது; செலவும் குறைவு. ஆயினும், நலிந்துவந்த பழைய கடைவீதியின் அடியில் சுரங்கம் தோண்டியே பாதை அமைக்க வேண்டும் என ஊராட்சியினர் வலியுறுத்தினர். செலவு மிகுதியாயினும் தொடர்வண்டி மக்கள் கூடும் இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அவர்களின் கருத்து.

அக்கருத்தே வென்றது. 1977இல் ராஸ்லின் நிலையமும், 1979இல் கோர்ட் ஹவுஸ், கிளாரண்டன், வர்ஜீனியா ஸ்குவேர், பால்ஸ்டன் ஆகிய நிலையங்களும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் ஐந்து நிலையங்கள் அமைந்தன.

பாதை அமைத்ததோடு பணி முடியவில்லை. ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றிலும் ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவுக்குள், அதாவது ஐந்து நிமிட நடைக்குள், உயர்ந்த கட்டடங்கள் எழ இசைவளிக்கப்பட்டது. அவற்றில் வீடுகளும் அலுவலகங்களும் கடைகளும் கலந்து அமைந்தன. நிலையத்திலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கட்டடங்களின் உயரம் படிப்படியாகக் குறைந்து, பழைய தனிவீட்டுத் தெருக்களில் சென்று முடிந்தது. தங்கள் தெருக்கள் சிதையுமோ என்று அஞ்சிய பழைய குடியிருப்பாளர்களுக்கு இவ்வொழுங்கு ஓர் உறுதிமொழியாக விளங்கியது.

இருப்புப்பாதையின் இடம் எத்தகைய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு ஆர்லிங்டனிலேயே சான்று உண்டு. பால்ஸ்டனுக்கு அப்பால் அதே தடம் விரைவுச்சாலையின் நடுவே செல்கிறது. 1986இல் திறக்கப்பட்ட கிழக்கு ஃபால்ஸ் சர்ச் நிலையத்தின் இருபுறமும் வாகனங்கள் விரைகின்றன. நிலையத்தைச் சூழ்ந்து வீடுகளும் கடைகளும் நெருங்கி அமைய அங்கு இடமில்லை. தடம் ஒன்றே; தொடர்வண்டியும் ஒன்றே; நிலையம் அமைந்த இடம் மட்டுமே வேறு.

இணையும் வழிகள்

தொடர்வண்டி மட்டும் ஓர் ஊரின் தேவையை நிறைவுசெய்யாது. வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவை எவ்வாறு கடப்பது என்பதே பயணத்தின் வழியை முடிவுசெய்கிறது. இவ்விடைவெளியை நிரப்ப, 1998இல் ஆர்லிங்டன் தனக்கெனச் சிறு பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. கைவிடப்பட்ட பழைய இருப்புப்பாதையின் தடம் நடப்போருக்கும் மிதிவண்டியினருக்கும் உரிய பாதையாக மாறியது. 2010இல் வாஷிங்டனுடன் இணைந்து வாடகை மிதிவண்டித் திட்டம் தொடங்கப்பட்டது. ஓரிடத்தில் எடுத்த மிதிவண்டியை மற்றோரிடத்தில் விட்டுச்செல்லலாம்.

இம்முயற்சிகளின் பயனாக, கட்டடங்களும் மக்களும் பெருகிய அளவுக்கு அவ்வழிச் சாலைகளில் வாகனங்கள் பெருகவில்லை. 2020இல் ஊரின் மக்கள்தொகை 2,38,000ஐக் கடந்தது. நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் ஆர்லிங்டனுக்குச் சீரிய நகர வளர்ச்சிக்கான விருதினை வழங்கியது.

வளர்ச்சியின் மறுபக்கம்

இவ்வளர்ச்சியின் விலையை எளியோர் சிலரும் செலுத்த நேர்ந்தது. 1975இல் வியட்நாம் போர் முடிந்தபின் ஏதிலிகளாக வந்த வியட்நாம் மக்கள், மெட்ரோ பணிகளால் வாடகை குறைந்திருந்த கிளாரண்டனில் கடைகள் திறந்தனர். உணவகங்களும் மளிகைக் கடைகளும் நிறைந்த அவ்விடம் ‘குட்டிச் சைகோன்’ என அழைக்கப்பட்டது. நிலையம் திறந்து நிலமதிப்பு உயர்ந்ததும் வாடகையும் உயர்ந்தது. வணிகர் பலர் அங்கிருந்து வெளியேறினர். சிலர் அண்மையிலுள்ள ஃபால்ஸ் சர்ச் நகருக்குச் சென்றனர். எவருடைய பயணத்தை எளிதாக்க வேண்டுமோ, அவர்களே அங்கு வாழ இயலாமற்போனால் திட்டத்தின் நோக்கம் பாதியளவே நிறைவேறும். போக்குவரத்துத் திட்டத்தோடு எளியோருக்கான வீட்டுவசதியையும் இணைத்தே எண்ண வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

எல்லாச் சாலைகளுக்கும் ஒரே தீர்வு பொருந்துவதும் இல்லை. தொடர்வண்டி எட்டாத கொலம்பியா பைக் என்னும் சாலைக்கு டிராம் வண்டி அமைக்கும் திட்டம் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. செலவைச் சுட்டிக்காட்டி மக்களில் ஒரு சாரார் எதிர்த்தனர். 2014இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பேருந்துப் பணியை மேம்படுத்தும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆர்லிங்டன் மகிழுந்தை ஒழித்துவிடவில்லை. இன்றும் அங்குள்ள வீடுகள் பலவற்றின் முன் மகிழுந்துகள் நிற்கின்றன. ஆயினும், நிலையங்களைச் சூழ்ந்து வாழ்வோருக்கு அது பல வழிகளுள் ஒன்று, ஒரே வழியன்று. சாவி கையில் இல்லாத ஒருவரும் பள்ளிக்கோ பணிக்கோ மருத்துவமனைக்கோ தன் விருப்பம்போல் சென்றுவரக்கூடிய நிலையே அவ்வூர் பெற்ற பேறு. அதனைப் பெற்றுத்தந்தது, நிலையம் எங்கே அமைய வேண்டும் என்று ஊரார் உரிய காலத்தில் எழுப்பிய கேள்வியே ஆகும்.