மீட்டர் சொல்லும் உண்மை

பசுமைக் கட்டடங்கள் பெருகிவருகின்றன. அவை உண்மையிலேயே மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றனவா?

ஹைதராபாத் புறநகரான போச்சாரத்தில், இன்ஃபோசிஸ் வளாகத்தில் இருக்கும் அந்தக் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். உள்ளே இரண்டு. ஒரு பாதியில் வழக்கமான ஏ.சி. மறு பாதியில், கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடி அறைகளைக் குளிர்விக்கிறது. பரப்பு, ஜன்னல், ஊழியர் எண்ணிக்கை எல்லாம் ஏறக்குறைய சமம். 2011-ல் கட்டடம் புழக்கத்துக்கு வந்தபோதே இரு பாதிகளுக்கும் தனித்தனி மீட்டர்கள் பொருத்தப்பட்டன. இரண்டு வருடக் கணக்கைப் பார்த்தபோது, குழாய்கள் உள்ள பாதியில் குளிரூட்ட ஆன மின்சாரம் 34 சதவீதம் குறைவு. அமைக்கும் செலவும் கூடவில்லை.

இப்படி அளந்து பெற்ற எண்கள் இந்தியாவின் பசுமைக் கட்டட இயக்கத்தில் அரிது. சான்றிதழ்களுக்குப் பஞ்சமில்லை. இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில் 2001-ல் உருவானது. ஹைதராபாத்தில் உள்ள சி.ஐ.ஐ.-சொராப்ஜி கோத்ரெஜ் மையம் 2003-ல் 'லீட்' பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரத்தை எட்டிய முதல் கட்டடம் அது. மறு வருடம் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். பிறகு 'கிரிஹா' என்ற உள்நாட்டுத் தர முறையும் வந்தது.

சிக்கல் என்னவென்றால், புதிய கட்டடத்துக்கு மதிப்பெண் பெரும்பாலும் வரைபடத்தையும் கம்ப்யூட்டர் கணிப்பையும் வைத்தே தரப்படுகிறது. நிஜ வாழ்க்கை வேறு மாதிரி. பகல் ஷிப்டுக்குத் திட்டமிட்ட அலுவலகம் இரவிலும் இயங்குகிறது. 24 டிகிரியில் இருக்க வேண்டிய ஏ.சி.யை 20-க்கு இறக்குகிறார்கள். பழுதான சென்சாரை யாரும் கவனிப்பதில்லை.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 100 லீட் கட்டடங்களின் அளவீடுகளை அலசி 2009-ல் வெளியிட்ட முடிவு இதை உறுதிப்படுத்தியது. சராசரியாக அவை சதுர அடிக்கு 18 முதல் 39 சதவீதம் குறைந்த எரிசக்தியையே பயன்படுத்தின. ஆனால் 28 முதல் 35 சதவீதக் கட்டடங்கள், தங்களை ஒத்த சாதாரணக் கட்டடங்களைவிட அதிகமாகவே விழுங்கின. வெள்ளியா, தங்கமா என்ற தரத்துக்கும் உண்மையான செலவுக்கும் பெரிய தொடர்பு இல்லை.

இது கட்டட உரிமையாளரின் சொந்த விவகாரம் மட்டுமல்ல. பசுமைச் சான்றிதழுக்குப் பரிசாகச் சில மாநிலங்கள் கூடுதல் தளப்பரப்பைக் கட்ட அனுமதிக்கின்றன. எதிர்பார்த்த சேமிப்பு வராவிட்டாலும் அந்தக் கூடுதல் மாடியை யாரும் இடிக்கப்போவதில்லை.

பரிகாரம் எளிது: அளப்பது. மாதக் கடைசியில் வரும் ஒற்றை பில் போதாது. ஏ.சி., விளக்கு, லிஃப்ட், கம்ப்யூட்டர் அறை ஒவ்வொன்றுக்கும் துணை மீட்டர் வேண்டும். நள்ளிரவில், ஆளில்லாத மாடியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைப் பார்த்தாலே வீண்செலவு புலப்பட்டுவிடும். ஆனால் வாடகைக் கட்டடங்களில் ஒவ்வொரு குடித்தனக்கார நிறுவனமும் தனித்தனியே பில் கட்டுவதால் முழுக் கணக்கு ஒருவரிடமும் இருப்பதில்லை. இருப்பவர்களும் வெளியிடத் தயங்குகிறார்கள்.

முயற்சிகள் இல்லாமலில்லை. எரிசக்தித் திறன் அமைப்பு 2009-ல் அலுவலகங்களுக்குக் கொண்டுவந்த நட்சத்திரக் குறியீடு, ஒரு சதுர மீட்டருக்கு வருடத்தில் உண்மையில் செலவான யூனிட்டைப் பார்க்கிறது. ஆனால் விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பித்தால்தான் உண்டு. அதே வருடம் வந்த லீட் விதிகளும் ஐந்து வருட மின்சார, தண்ணீர்க் கணக்கைப் பகிர வேண்டும் என்றன.

டெல்லியில் 2014-ல் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரிக்கத் திட்டமிடப்பட்டது. கூரையில் 930 கிலோவாட் சூரியத் தகடுகள். அதிலும் தீர்ப்புச் சொல்லப்போவது வாசலில் பதித்த கல்வெட்டு அல்ல. உள்ளே சுழலும் மீட்டர்தான்.