பிரேக் மிதித்தால் அணையும் விளக்கு

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வாசகர் விசித்திரமான ஒரு கோளாறை எழுதியிருக்கிறார். அவரிடம் பழைய மொரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. இரவில் பின்விளக்கு இரண்டும் குறையில்லாமல் எரிகின்றன. பிரேக்கை மிதித்தால் வலப்பக்க விளக்கு முறைப்படி பளிச்சிடுகிறது, இடப்பக்க விளக்கோ அணைந்துவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடி எரிகிறது. பகலில், விளக்குகளைப் போடாமல் பிரேக்கை மிதித்தால் அதே இடப்பக்க விளக்கு மங்கலாக எரிகிறது. பல்ப் புதிது, வயர் புதிது. கார் போன மாதம்தான் டிங்கர் வேலையும் பெயின்ட்டும் முடிந்து வந்ததாம். எல்.ஈ.டி. பல்ப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களாம், போடலாமா என்று கேட்கிறார்.

போட வேண்டாம். பல்ப்பில் குறையில்லை, வயரிலும் இல்லை. குறை அந்தப் புதுப் பெயின்ட்டில் இருக்கிறது. பழைய கார்களின் பிரேக் லைட் தொல்லைகளில் கணிசமான பங்கு மின்சாரம் விளக்குக்குப் போகும் வழியில் இருப்பதில்லை, விளக்கிலிருந்து பற்றரிக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது. போகும் வழிக்கு நிறம் பூசிய வயர் உண்டு, பியூஸ் உண்டு, கையேட்டில் படம் உண்டு. திரும்பும் வழி காரின் உடம்பேதான். அதற்குப் படம் கிடையாது, ஆகவே யாரும் அதைப் பார்ப்பதில்லை.

அந்த பல்ப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: ஒன்று 5 வாட், பின்விளக்குக்கு, மற்றது 21 வாட், பிரேக்குக்கு. அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள், இழைக்கு ஒன்றாக. ஆனால் இரண்டு இழைகளின் மறுமுனைகளும் பல்ப்பின் பித்தளை உறையில் ஒன்றாகச் சேர்கின்றன. அந்த உறை விளக்கின் உலோக அடியைத் தொட வேண்டும், அடி மட்கார்டைத் தொட வேண்டும், மட்கார்ட் பாடியைத் தொட வேண்டும். இதற்குத்தான் எர்த் என்று பெயர். இந்தத் தொடர்பு அறுந்தால் பல்ப் செத்துவிடும் என்றுதான் நினைப்போம். சாவதில்லை. பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் உறையில் முட்டி, வெளியேற வழியில்லாமல், பக்கத்து 5 வாட் இழையில் பின்பக்கமாக ஏறி, பின்விளக்கு வயரைப் பிடித்து, வலப்பக்க விளக்குக்கும் முன்பக்கச் சிறு விளக்குகளுக்கும் போய், அவற்றின் நல்ல எர்த் வழியாக வீடு சேர்கிறது. பகலில் வாசகர் கண்ட மங்கல் ஒளி பிரேக் இழையினுடையதே அல்ல. பின்விளக்கு இழை தலைகீழாக எரிந்துகொண்டிருந்தது.

மலைநாட்டு லயன் வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தகரப் பீலிகள் ஒரு மூலையில் சேர்ந்து, ஒரே குழாயால் கானுக்கு இறங்குகின்றன. ஒவ்வொரு பீலிக்குள்ளும் ஒரு தேத்தண்ணி வடி. ஒன்று அகலக் கண், மற்றது நெருக்கக் கண். கருப்பந்தைல மரத்து இலை விழுந்து குழாய் அடைத்துவிட்டது. மழை முதல் பீலியில் மட்டும் பெய்தால், தண்ணீர் மூலைவரை வந்து, இரண்டாம் பீலியில் எதிர்த்து ஏறி, பக்கத்துக் காம்பிராக்காரர் வாசலில் ஊற்றும். அகலக் கண் வடியில் அது அலட்டிக்கொள்ளாமல் போகும், நெருக்கக் கண்ணில்தான் திணறும். திணறும் இடத்தில்தான் இழை ஒளிரும். இப்போது மழை இரண்டு பீலியிலும் ஒரே அளவாகப் பெய்கிறது என்று வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டம். தண்ணீர் எந்தப் பக்கமும் நகராமல் நிற்கும், பக்கத்துக் காம்பிராக்காரருக்கும் சண்டை போடக் காரணம் இராது. இரவில் பிரேக் மிதித்தபோது நடந்தது இதுதான்: பின்விளக்கு வயரில் 12 வோல்ட், பிரேக் வயரிலும் 12 வோல்ட், நடுவே மட்ட வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் கொடுத்ததால்தான் விளக்கு அணைந்தது. மின்சுற்றுப் பாடத்தில் இதைவிட அழகான கோளாறு இருக்குமா என்பது சந்தேகம்.

உவமை ஓர் இடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீலித் தண்ணீர் ஓடுகிறது, இலத்திரன்கள் ஊர்கின்றன. ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் இந்த பல்ப் இழுக்கும் கால் குறைய இரண்டு அம்பியருக்கு அவை நகரும் வேகம் செக்கனுக்கு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு அளவுதான். காரின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போய்ச் சேர ஓர் இலத்திரனுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். வாசகர் பிரேக்கை மிதித்து எடுக்கும் நேரத்தில் அது ஓர் அரிசியின் நீளம்கூட நகர்ந்திருக்காது. ஆனாலும் திரும்பும் வழி என்று நான் சொன்னது மொரிஸ் மைனரைப் பொறுத்தவரை எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்தக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் பாடியோடு பிணைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அம்புக்குறி போட்ட திசைக்கு எதிராக ஓடும் இலத்திரன், வயர் வழியே போய் பாடி வழியே வீடு திரும்புகிறது.

எர்த் ஏன் கெடுகிறது? மைனரின் பின் மட்கார்ட் பற்றவைத்து ஒட்டியதல்ல, போல்ட்டால் பூட்டியது. பாடிக்கும் அதற்கும் நடுவே பிளாஸ்டிக் பட்டி ஒன்று ஓடும். ஆகவே மின்சாரம் கடக்கப் போல்ட்டுகள் மட்டுமே மிச்சம். டிங்கர் பாஸ் நல்ல வேலைக்காரராக இருந்தால் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, போல்ட் துளை ஓரம்வரை பெயின்ட் ஏற்றுவார். பெயின்ட் மின்கடத்தாப் பொருள். பிள்ளைபோல் பேணும் காரில் எர்த் அறுவதும், வெற்றிலைச் சாறு நிறத்தில் துருப்பிடித்த காரில் விளக்கு எரிவதும் இதனால்தான். பெயின்ட் தப்பினாலும் கண்டி மழை தப்பாது. இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும் ஊர் இது. பித்தளை உறை, இரும்புத் தகடு, நடுவே ஈரம் என்றால் அது ஒரு சிறு மின்கலம். அரிப்பு அங்கே தொடங்கும்.

வரலாறு கொஞ்சம் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார் 1948இல் வந்தது, பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தொட்டது, 1971இல் கார் உற்பத்தி நின்றது. இலங்கையில் அது நிலைத்ததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல. 1960களிலும் 70களிலும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020 தொடங்கிச் சில வருடம் நீடித்த வாகன இறக்குமதித் தடையும் இருக்கிற காரைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்தன. மின்சாதனங்களைச் செய்த லூக்கஸ் கம்பனியை இருட்டின் இளவரசன் என்று கிண்டலடிப்பது உலக வழக்கம். பாதிப் பழி அநியாயமானது. துருப்பிடித்த போல்ட்டின் குற்றத்தை லூக்கஸ் தலையில் கட்டுகிறோம்.

பல்ப்பை மாற்றியதும் சரியாயிற்றே என்பார்கள். பல்ப்பை அழுத்தித் திருப்பும்போது பித்தளை உறை உராய்ந்து புது உலோகம் வெளிப்படுகிறது. பழைய பல்ப்பையே கழற்றிப் பூட்டியிருந்தாலும் எரிந்திருக்கும், இரண்டு மழைக்குப் பிறகு மறுபடி அணைந்திருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தோம், பீப் என்றது, எர்த் சரி என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆனால் மீட்டர் அனுப்பிப் பார்ப்பது அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. வழியில் சில பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் என்றுதான் சொல்லும். எரியும்போது 21 வாட் இழையின் தடையோ ஏழு ஓம் மட்டுமே. எர்த்தில் ஒரேயொரு ஓம் கூடினாலும் விளக்குக்குக் கிடைப்பது பத்தரை வோல்ட். அதில் என்ன குறைந்துவிட்டது என்று தோன்றும். இழை விளக்கின் ஒளி வோல்ட்டின் மூன்றரை மடி அளவில் ஏறி இறங்குவது. பத்தரை வோல்ட்டில் ஒளியில் மூன்றிலொரு பங்கு போயிற்று, பத்து வோல்ட்டில் ஏறக்குறைய பாதி போயிற்று. ஆகவே விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும்: ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பல்ப்பின் உறையிலும் மறுமுள்ளைப் பற்றரியின் எர்த் முனையிலும் தொட வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்திலொன்று இரண்டு காட்டினால் நல்லது. இரண்டு வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதி ஒளி போய்விட்டது.

பிரேக் ஸ்விட்ச்சை விட்டுவிட்டீர்களே என்ற மறுப்பு மட்டும் நியாயமானது. மைனரில் அது பெடலில் இல்லை. பிரேக் எண்ணெய்க் குழாய்கள் பிரியும் சந்தியில் திருகியிருக்கும், எண்ணெயின் அழுத்தம்தான் அதை இயக்குகிறது. இரண்டு பல்ப்பும் சேர்ந்து மூன்றரை அம்பியர் எடுக்கும். அது எரிந்த பிறகு. குளிர்ந்த தங்ஸ்தன் இழையின் தடை ஏறத்தாழ பத்திலொரு பங்குதான் என்பதால், தொட்ட கணத்தில் பல மடங்கு பாய்ந்து தொடுமுனைகள் பொரிந்துபோகின்றன. பிறகு பலமாக மிதித்தால்தான் விளக்கு வரும். கடுகண்ணாவை ஏற்றத்திலிருந்து மாவனல்லைப் பக்கம் இறங்குகிறவர் அப்படி மிதிப்பதில்லை, பெடலில் காலை வைத்துத் தடவிக்கொண்டே இறங்குவார். பின்னால் வரும் லொறிக்காரருக்கு ஒரு வெளிச்சமும் தெரியாது. மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவிலும் இதே கதைதான். ஆனால் ஸ்விட்ச் கெட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்தே கெடும். ஒரு பக்கம் மட்டும் கெடுவதற்கு ஸ்விட்ச்சைக் கழற்றி எண்ணெய் சிந்துவது வீண் வேலை. இரண்டு பக்கமும் எரியாதபோதும், முதலில் ஸ்விட்ச்சின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். அதே பச்சை வயரில் ஓடும் எரிபொருள் முள்ளும் வைப்பரும் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள்.

கடைசியாக எல்.ஈ.டி. அது ஒரு திசைக்கு மட்டும் வழிவிடும் சாதனம். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை எதிர்முனை பாடியில் இருக்கும் காருக்குச் செய்தவை, மைனரில் மாட்டினால் எரியாமலே இருக்கலாம். எரிந்தாலும், வெள்ளை எல்.ஈ.டி.யின் ஒளியில் நீலம் அதிகம், சிவப்புக் குறைவு. சிவப்புக் கண்ணாடி பெரும்பகுதியை விழுங்கிவிடும். சிவப்பு எல்.ஈ.டி.யாக, திசை பார்க்காத வகையாக வாங்கினாலும் ஒரு சூது மிச்சமிருக்கிறது. அது எடுக்கும் மின்சாரம் மிகச் சிறிது என்பதால் கெட்ட எர்த்திலும் எரிந்து, கெட்டதை மறைத்துவிடும். நோயைத் தீர்க்காமல் காய்ச்சல்மானியை உடைப்பது போன்ற வைத்தியம்.

வாசகருக்குத் தேவை ஒரு முழம் கறுப்பு வயர், இரண்டு கண் முனை, ஒரு பல் வாசர். ஒரு முனையை விளக்கின் உலோக அடித் திருகில் இறுக்கி, மறுமுனையை மட்கார்டைத் தாண்டி டிக்கிக்குள் பாடியிலேயே, பளபளக்கும் இரும்பு தெரியச் சுரண்டிய இடத்தில் பூட்டி, மேலே கிறீஸ் தடவினால் போதும். புதுப் பெயின்ட்டைச் சுரண்ட மனம் வராவிட்டால், டிக்கி விரிப்புக்கு அடியில் சுரண்டுங்கள்.