ரைன் நதியில் ஒரு நாள்

காலை நேரம். ஜெர்மனி நாட்டில் ரூடஸ்ஹைம் என்ற ஊர். அங்கே படகுத் துறையில் ஒரே கூட்டம். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் உல்லாசப் படகில் ஏறுகிறார்கள். படகு புறப்படுகிறது!

இதுதான் ரைன் நதி. சுவிட்சர்லாந்து மலைகளில் பிறக்கிறது. சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடி, நெதர்லாந்து நாட்டில் கடலில் கலக்கிறது. ரூடஸ்ஹைமில் இருந்து கோப்ளென்ஸ் நகரம் வரை, மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து பாய்கிறது. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். உச்சிகளில் பழைய கோட்டைகள். கண்கொள்ளாக் காட்சி!

ஆனால், இது வேடிக்கை பார்க்க மட்டும் உள்ள நதி அல்ல. உழைக்கும் நதி!

250 லாரி பாரம்

அதோ, எதிரே ஒரு சரக்குப் படகு வருகிறது. அதன் நீளம் 110 மீட்டர். இப்படிப்பட்ட படகு 2,500 டன் சரக்கைச் சுமக்கும். அதே சரக்கை 10 டன் லாரிகளில் ஏற்றினால் 250 லாரிகள் வேண்டும்!

நிலக்கரி, எண்ணெய், மணல், இரும்புத் தாது என்று எல்லாம் இந்த வழியாகப் போகின்றன. சில படகுக்காரர்களுக்குப் படகுதான் வீடு. சன்னலில் திரை, தொட்டியில் பூச்செடி, மேல்தளத்தில் ஒரு கார்!

கவுப் என்ற ஊர் வருகிறது. ஆற்றின் நடுவே ஒரு கோட்டை. அந்தக் காலத்தில் படகுகளை மறித்து வரி வாங்குவதற்காகவே அதைக் கட்டினார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை. ரைனில் படகு ஓட்ட வரி கிடையாது என்று 1868-ம் ஆண்டில் கரையோர நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன.

நீலப் பலகை

இத்தனை படகுகள் மோதிக்கொள்ளாமல் போவது எப்படி?

நீரோட்டத்தை எதிர்த்து வரும் படகுதான் எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவு செய்யும். வழக்கத்தை மாற்றி விலக வேண்டுமானால், வலது புறத்தில் நீலப் பலகையைக் காட்டும். பலகையின் நடுவே வெள்ளை விளக்கு மின்னும். எதிர்ப் படகும் நீலப் பலகையைக் காட்டினால், "சரி" என்று அர்த்தம். 20 மீட்டருக்குக் குறைந்த சிறு படகுகள் பெரிய படகுகளுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஆபத்தான வளைவு

அடுத்து வருவது லோரலை பாறை. உயரம் 132 மீட்டர். அதன் மேல் ஓர் அழகி அமர்ந்து பாடுவாளாம். அந்தப் பாட்டில் மயங்கிய படகோட்டிகள் பாறையில் மோதி மாண்டார்களாம். இது கதை.

உண்மை என்ன? இங்கே ஆறு குறுகுகிறது. வேகம் கூடுகிறது. வளைவில் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் கரையில் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். மேலே இருந்து படகு வருகிறதா, அது பெரியதா, சிறியதா என்பதை அந்த விளக்குகள் சொல்லிவிடும்.

அப்படியும் 2011 ஜனவரியில், கந்தக அமிலம் ஏற்றிய படகு ஒன்று இந்தப் பாறை அருகே கவிழ்ந்தது. அதில் இருந்தவர்கள் 4 பேர். இருவர் தப்பினர், ஒருவர் மாண்டார், ஒருவர் காணாமல் போனார். சரக்கைச் சரியாக ஏற்றாததால் படகு நிலை தடுமாறியது என்று விசாரணையில் தெரிந்தது. அழகியின் மீது குற்றம் இல்லை!

மாலையில் கோப்ளென்ஸ் வருகிறது. ஒரு சிறுமி கை அசைக்கிறாள். கடந்து போகும் சரக்குப் படகில் இருந்தும் ஒரு கை அசைகிறது.

உல்லாசமாகப் போகிறவருக்கும், உழைத்துப் பிழைப்பவருக்கும் ஒரே ஆறுதான். ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டால் இருவரும் கரை சேரலாம்!