பச்சிளம் நாவில் தேன் வேண்டாம்

தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாக அல்குர்ஆன் (16:69) கூறுகிறது. அதனால் பிறந்த குழந்தையின் நாவிலும் தேன் தடவுவோர் நம்மில் உள்ளனர். இவர்கள் ஒரு விடயத்தை அறிந்திருக்க வேண்டும்.

சில தேனில் 'குளொஸ்ரிடியம் பொட்டுலினம்' என்னும் பக்டீரியாவின் வித்திகள் இருக்கும். தேனில் நீர்த்தன்மை குறைவு என்பதால் அவை முளைக்காமல் உறங்கிக் கிடக்கும். கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. பெரியவர்களின் குடலில் பொதுவாக அவை முளைப்பதுமில்லை. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் காவல் நிற்கும் நுண்ணுயிர்கள் இன்னும் போதியளவு பெருகியிருக்காது. அங்கே வித்தி விழித்து, வளர்ந்து, நஞ்சைச் சுரக்கும். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோய் இனங்காணப்பட்டது.

மலச்சிக்கல், மெலிந்த அழுகை, பால் உறிஞ்ச இயலாமை, தளர்ந்த உடல் என்பன இதன் அறிகுறிகள். கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்றே தஹ்னீக் செய்தார்கள். சகோதரிகளே, பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் வரை தேனைத் தள்ளி வையுங்கள். அல்லாஹ் தந்த நிவாரணம் உரிய வயதில் கிடைக்கட்டும்.