கதவைச் சாத்துங்க பாஸ்!

உங்க கிளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருக்காங்களா? இனிஷியல் இல்லாம அட்டெண்டன்ஸ் எடுத்தா, முன் பெஞ்ச் கார்த்திக்தான் 'பிரசன்ட் சார்' சொல்வார். பின் பெஞ்ச் கார்த்திக்குக்கு ஆப்சென்ட்! லினக்ஸ்ல நீங்க எழுதுற ஷேர்டு லைப்ரரிக்கும் இந்தக் கதி வரலாம்.

ஷேர்டு லைப்ரரின்னா, பல புரொகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்துற ஃபங்ஷன்களின் மூட்டை. '.எஸ்ஓ'ன்னு முடியுமே, அந்த ஃபைல்தான். அதுக்குள்ள இருக்கிற ஃபங்ஷன், குளோபல் வேரியபிள் பெயர்களுக்குத்தான் 'சிம்பல்'னு பேர். நீங்க எதுவும் சொல்லலைன்னா, லினக்ஸ்ல ஜிசிசி கம்பைலர் 'ஸ்டேடிக்' போடாத எல்லா சிம்பலையும் வெளியே காட்டிடும். விண்டோஸ் டிஎல்எல் இதுக்கு நேரெதிர். இது வெளியே போகணும்னு நாம சொன்னாத்தான் போகும்.

காட்டினா என்ன குறைஞ்சிடும்?

உங்க லைப்ரரியில 'இனிட்'னு ஒரு ஃபங்ஷன். அதே புரொகிராம்ல லோடு ஆகுற இன்னொரு லைப்ரரியிலும் ஒரு 'இனிட்'. லோடர் வரிசையாகத் தேடி, முதல்ல கிடைக்கிறதை எடுத்துக்கும். அதனால உங்க கோடு உங்க 'இனிட்'டைக் கூப்பிட்டாலும், ஓடுறது அடுத்தவரோடதா இருக்கலாம்! கம்பைல் பண்ணும்போது எரரும் வராது. புராஜெக்ட் டெமோ அன்னிக்குத் தப்பான விடை வந்து நிக்கும்போதுதான் தெரியும்.

இன்னொரு வம்பும் இருக்கு. வெளியே காட்டின பெயரை யாராவது பிடிச்சுக்குவாங்க. அப்புறம் அதில் கை வைக்க முடியாது. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி, 'மெம்காப்பி' ஃபங்ஷனை வேகப்படுத்தினது. 2010-ல் ஃபெடோரா 14-ல் ஃப்ளாஷ் பிளேயரின் சத்தம் கரகரத்தது. தப்பு ஃப்ளாஷ் பக்கம்தான். ஒண்ணு மேல ஒண்ணு படியுற மெமரிக்கு 'மெம்காப்பி' பயன்படுத்தக் கூடாது. ஆனாலும் 2011-ல் வந்த ஜிலிப்சி 2.14, பழைய புரொகிராம்களுக்குப் பழைய 'மெம்காப்பி', புதுசுக்குப் புதுசுன்னு ரெண்டு வெர்ஷன் வெச்சு சமாளிச்சது. அவ்வளவு பெரிய லைப்ரரிக்கே இந்த நிலைமை!

சரி, எப்படிச் சாத்துறது?

* ஒரே ஃபைலுக்குள்ள மட்டும் பயன்படுற ஃபங்ஷனா? முன்னாடி 'ஸ்டேடிக்' போடுங்க. வேலை முடிஞ்சது.

* உங்க லைப்ரரியின் பல ஃபைல்களுக்கும் தேவையா? 'ஸ்டேடிக்' உதவாது. '-எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன்' ஆப்ஷனோட கம்பைல் பண்ணுங்க. 2005-ல் வந்த ஜிசிசி 4.0-லேர்ந்து இந்த வசதி இருக்கு. எல்லாக் கதவும் மூடிடும்.

* வெளியாள் கூப்பிட வேண்டிய ஃபங்ஷன்களுக்கு மட்டும் 'விசிபிலிட்டி டிஃபால்ட்' அட்ரிபியூட் கொடுத்துத் திறந்து விடுங்க.

* அந்தப் பெயர்களுக்கு முன்னால லைப்ரரி பெயரையும் சேர்த்துடுங்க. வெறும் 'இனிட்' வேணாம். இனிஷியல் மாதிரி ஒண்ணு இருக்கட்டும்.

வெளியே தெரியுற பெயர்கள் குறைஞ்சா லோடருக்குத் தேடுற வேலை குறையும். தன் ஃபங்ஷனைத் தானே கூப்பிடுறப்போ சுத்தி வளைக்காம நேராவே போகலாம். சின்ன லைப்ரரியில இது பெரிசாத் தெரியாது. ஆயிரக்கணக்குல சிம்பல் இருக்கிற சி++ லைப்ரரியில நல்லாவே தெரியும்.

இன்னிக்கே லேப்ல உங்க லைப்ரரி மேல 'என்எம் -டி' கமாண்டை ஓட்டிப் பாருங்க. 'டி' எழுத்தோட வர்ற வரிகள் எல்லாம் வெளியே தெரியுற ஃபங்ஷன்கள். ஒவ்வொண்ணா விரல் விட்டு எண்ணுங்க. 'இதை அஞ்சு வருஷம் மாத்தாம வெச்சிருப்பேன்'னு எதுக்கெல்லாம் தைரியமா சொல்வீங்களோ, அது மட்டும் வெளியே இருக்கட்டும். மத்ததை மறைச்சிடுங்க. ஒரு பெயரைப் பின்னாடி வெளியே விடுறது சுலபம். விட்டதைத் திரும்ப வாங்குறதுதான் கஷ்டம், பாஸ்!