கிண்ணம் கிடைத்தது, கதவு திறக்கவில்லை

கால்பந்தில் இரண்டாம் நிலை லீகுக்கு உயிர் கொடுப்பது ஒரே ஒரு விதிதான். முதலிடம் பெற்ற அணி மேலே போகும். கடைசி இடம் பெற்ற அணி கீழே இறங்கும். இந்த விதி இல்லாவிட்டால், மாதக் கணக்கில் ஊர் ஊராகப் போய் ஆடும் அணிகளுக்குக் கிண்ணத்தைத் தவிர வேறு பலன் இல்லை.

இந்தியாவில் இந்த ஏணி ஒரு காலத்தில் இருந்தது, நடுவில் அகற்றப்பட்டது, 2022-23 முதல் மீண்டும் சாத்தி வைக்கப்பட்டது. ஏணி இல்லாத அந்த ஆண்டுகளில் வெற்றி பெற்றவர்களின் கதை வேதனையானது. அவர்களில் தமிழ்நாட்டு அணியும் ஒன்று.

கம்பெனி அணிகள்

தேசியக் கால்பந்து லீக் 1996-ல் தொடங்கியது. முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. மில் அணி. சென்னையின் இந்தியன் வங்கி, மும்பையின் ஏர் இந்தியா, மகிந்திரா போன்ற நிறுவன அணிகள் அந்நாளில் பெயர் பெற்றிருந்தன. நன்றாகப் பந்து ஆடத் தெரிந்த இளைஞனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடைத்தது. ஆடும் வயது கடந்த பிறகும் அவன் தன் நாற்காலியில் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்ற முடிந்தது.

இந்த லீக் 2007-ல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலை அணி 2010-ல் இரண்டாம் டிவிஷனில் ஆடித் தகுதி பெற்று ஐ-லீகுக்கு ஏறி வந்தது. 2011-12 போட்டியில் கடைசி இடம் பெற்றுக் கீழே இறங்கியது. ஏறியதும் இறங்கியதும் மைதானத்தில் நடந்தவை. அதில் யாருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. கிளப் என்றால் கால்பந்துக்கென்றே நடக்கும் முழுநேர நிறுவனமாக இருக்க வேண்டும் என்று உரிம விதிகள் வந்தன. செலவு ஏறியது. மகிந்திரா 2010-லும் ஜே.சி.டி. 2011-லும் தங்கள் அணிகளைக் கலைத்தன. உரிம விதிகளை நிறைவேற்றாததால் ஏர் இந்தியா 2013-ல் நீக்கப்பட்டது.

பணம் போட்ட பாதை

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. அதில் இடம் பெறப் பந்தயத்தில் வென்றால் போதாது. பணம் கட்டி அணி நடத்தும் உரிமையைப் பெற வேண்டும். ஐ-லீகில் நுழைந்த முதல் ஆண்டான 2013-14-லேயே சாம்பியனாகி, 2015-16-ல் மறுபடியும் வென்ற பெங்களூரு எப்.சி., 2017-ல் அந்த வழியாகத்தான் புதிய லீகில் சேர்ந்தது. கல்கத்தாவின் பெரிய அணிகளும் 2020-ல் அங்கே போய்ச் சேர்ந்தன. மோகன் பகான், ஏ.டி.கே. அணியோடு இணைந்தது. ஈஸ்ட் பெங்கால் புதிய முதலீட்டாளரைத் தேடிக்கொண்டது.

அவ்வளவு பணபலம் இல்லாத அணிகள் என்ன செய்யும்? மிசோரத்தின் அய்சால் அணி 2016-17-ல் மோகன் பகானை ஒரே புள்ளியில் பின்தள்ளிக் கிண்ணம் வென்றது. வடகிழக்கு மாநிலங்களுக்கு அதுவே முதல் வெற்றி. ஆனாலும் மேலே போக வழியில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சீட்டு நிறுவனம் ஒன்றின் ஆதரவில் கோழிக்கோட்டில் வளர்ந்த கோகுலம் கேரளா, 2020-21, 2021-22 என அடுத்தடுத்து இரு முறை சாம்பியன் ஆனது. அதற்கும் கதவு திறக்கவில்லை.

கோவையில் நடந்தது

2019 மார்ச் 9. சென்னை சிட்டி அணி கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை எதிர்த்துக் கடைசி ஆட்டம் ஆடியது. வென்றால் கிண்ணம் நிச்சயம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால், சென்னை சிட்டி சறுக்கினால் கிண்ணத்தைத் தட்டிச் செல்லக் காத்திருந்தது.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பஞ்சாப் அணி கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அந்தப் போட்டித் தொடரில் அது அவருடைய 21-வது கோல். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் போட, 3-1 என்று வெற்றி. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஐ-லீக் கிண்ணம் முதல் முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அவ்வாண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் இதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஆயினும் 2020-21 போட்டிக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீகில் ஆடவில்லை. அணியில் ஆடிய தமிழ்நாட்டு வீரர்களில் எட்வின் வான்ஸ்பால் 2019-ல் சென்னையின் எப்.சி.க்கும், ரொமாரியோ ஜேசுராஜ் 2020-ல் எப்.சி. கோவாவுக்கும் போனார்கள். ஆட்டக்காரர்கள் மேலே ஏறினார்கள், அணி ஏறவில்லை.

திறந்த கதவு

கடைசியில் 2022-23 ஐ-லீகில் வென்ற பஞ்சாப் அணிதான் மைதானத்து வெற்றியால் சூப்பர் லீகுக்குப் போன முதல் அணி. அடுத்த ஆண்டு, 1891-ல் பிறந்த முகமதன் ஸ்போர்ட்டிங் அதே வழியில் ஏறியது. ஹைதராபாதின் ஸ்ரீநிதி டெக்கான் இந்த இரண்டு ஆண்டுகளிலும் இரண்டாம் இடத்தோடு நின்றது.

கதவு திறந்தபின் வாசலில் சண்டையும் வந்தது. 2024-25-ல் சாம்பியன் சர்ச்சில் பிரதர்ஸா, இன்டர் காசியா என்ற வழக்கு சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், 2025 ஜூலையில் இன்டர் காசிக்குச் சாதகமாக முடிந்தது. இதற்கிடையே சூப்பர் லீகில் முகமதன் கடைசி இடம் பெற்றும் கீழே இறக்கப்படவில்லை. அந்த விதி அப்போது அங்கே நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. ஏறும் வழி மட்டும் இருந்து இறங்கும் வழி இல்லையென்றால் ஏணி பாதிதான் ஆகிறது.

இது கிளப் முதலாளிகளின் கௌரவப் பிரச்னை மட்டுமல்ல. அன்றைய வங்கி ஆட்டக்காரருக்கு அணி போனாலும் வேலை இருந்தது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கையில் இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான். கிளப் கலைந்தால் மறுநாள் காலையில் போய் உட்கார அவருக்கு நாற்காலி கிடையாது.